சித்திரம் எடுக்கட்டும், ஆனால் பார்த்து வரையப் பழகட்டும்

கேள்வி: என் மகள் மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் 9ஆம் தரம் படிக்கிறாள். அடுத்த வருடத்துக்குப் பாடம் தெரிவு செய்து கொடுக்க வேண்டும். சித்திரம்தான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பாடசாலையில் சித்திர ஆசிரியர் இல்லை. நாடகமும் அரங்கியலும் எடுக்கச் சொல்கிறார்கள். கொழும்பில் கடையில் வேலை செய்யும் என் வீட்டுக்காரரோ, "படம் வரைஞ்சு யாரு சோறு தின்னா? கம்ப்யூட்டர் பாடத்த எடுக்கச் சொல்லு" என்கிறார். நான் கொழுந்து பறிக்கிறேன். வர்ணம், தாள் எல்லாம் நெருப்பு விலை. இந்தப் பாடத்தைப் படித்தால் மேலே போக வழி இருக்கிறதா? அவள் வரைந்த 2 படங்களையும் இத்தோடு அனுப்புகிறேன். – ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

முதலில் உங்கள் வீட்டுக்காரர் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். அவர் நினைப்பது போல சித்திரமா, கம்ப்யூட்டரா என்ற போட்டியே இங்கு இல்லை. இப்போதைய முறையில் சாதாரண தரப் பரீட்சைக்கு 9 பாடங்கள். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய 6 பாடங்களும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயம். மிச்சம் 3 பாடங்களை மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். சித்திரம் இருப்பது இரண்டாம் தொகுதியில். சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும், இலக்கிய நயம் எல்லாம் அதே தொகுதிதான். தகவல் தொழினுட்பம் மூன்றாம் தொகுதி; வணிகம், புவியியல் முதலாம் தொகுதி. ஆகவே மகள் சித்திரத்தையும் எடுக்கலாம், அப்பா சொல்லும் கம்ப்யூட்டரையும் எடுக்கலாம். இதை அவருக்கு ஃபோனில் நிதானமாக விளக்குங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும் என்று நம்புகிறேன். என்னைக் கேட்டால் இந்த இரண்டு பாடங்களும் சேர்ந்திருப்பதே நல்லது. இன்றைக்கு அச்சகத்தில் உட்கார்ந்து அட்டை வடிவமைப்பவர் முதல் இணையத்தளத்துக்கு முகப்பு செய்பவர் வரை, கையும் கணினியும் சேர்ந்து தெரிந்தவர்களைத்தான் தேடுகிறார்கள்.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். உயர்தரத்துக்குப் போவதற்கு 6 பாடங்களில் சித்தி வேண்டும். அதில் தாய்மொழியும் கணிதமும் இருக்க வேண்டும். 3 பாடங்களில் 'சி' என்ற திறமைச் சித்தியாவது எடுத்திருக்க வேண்டும். சித்திரத்தில் எடுக்கும் 'சி'யும் அந்த மூன்றில் ஒன்றாகக் கணக்கில் வரும். நம் தோட்டப் பாடசாலைகளில் எத்தனையோ பிள்ளைகள் அந்த மூன்றாவது 'சி' கிடைக்காமல்தான் படிப்பை நிறுத்தியிருக்கிறார்கள். விருப்பத்தோடு படிக்கும் பாடம் அந்த இடத்தில் கைகொடுக்கும்.

இனி நீங்கள் அனுப்பிய படங்கள். ஒன்று, ஃபோனில் பார்த்துப் பென்சிலால் வரைந்த நடிகையின் முகம். நிழலை விரலால் தேய்த்துத் தேய்த்து மினுமினுப்பாக ஆக்கியிருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் இதைப் பார்த்துத்தான் பிள்ளையைப் பாராட்டியிருப்பார்கள். மற்றது, பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் வரைந்தது: அப்பாயி அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். இந்த இரண்டாவது படத்தைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதில் பிழைகள் நிறைய. பாதங்கள் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாகிவிட்டன. அடுப்பும் ஆளும் வேறுவேறு தரையில் இருப்பது போலத் தெரிகிறது. ஆனால் முழங்காலை மடக்கி நம் பக்கம் பார்த்து உட்காரும்போது தொடை நீளமாகத் தெரியாது, குறுகித்தான் தெரியும். அதை அப்படியே வரைந்திருக்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் 14 வயதில் இது வருவது அபூர்வம். தொடை நீளமானது என்று மனதுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிவது குறுகலாக. மனதை விட்டுவிட்டுக் கண்ணை நம்பியிருக்கிறாள். சித்திரம் படிக்க வேண்டிய பிள்ளை இவள் என்று நான் தைரியமாகச் சொல்வது அந்த ஒரு முழங்காலை வைத்துத்தான்.

ஆகவே எடுக்கட்டும். ஆனால் ஒரு நிபந்தனை: ஃபோனைப் பார்த்துப் பிரதி எடுப்பதை இன்றோடு குறைத்துவிட்டு, எதிரே இருப்பதைப் பார்த்து வரைவதை அன்றாட வேலையாக ஆக்கிக்கொள்ள வேண்டும். நான் வேலை செய்யும் கல்வி வலயத்தில் பாடசாலை பாடசாலையாகப் போய்ச் சித்திரக் கொப்பிகளைப் பார்க்கிறேன். நன்றாக வரையும் பிள்ளை என்று அழைத்து வந்து நிறுத்துவார்கள். கொப்பி முழுவதும் கார்ட்டூனும் நடிகர் முகமும் இருக்கும். எதிரில் ஒரு வாளியை வைத்து வரையச் சொன்னால் தடுமாறிவிடும். பரீட்சை மண்டபத்தில் ஃபோன் கிடையாது, வாளிதான் இருக்கும்.

சாதாரண தரச் சித்திரப் பாடத்துக்கு மூன்று வினாத்தாள்கள். முதலாவது எழுத்து: கலை வரலாறு, கலைச்சொற்கள். இரண்டாவது, முன்னால் வைத்திருக்கும் பாத்திரம், காய்கறி, துணி போன்றவற்றைப் பார்த்து வரைந்து வர்ணம் தீட்டுவது. மூன்றாவதில் ஒரு தலைப்புக்குப் படம் வரையலாம், அல்லது அலங்கார வடிவமோ அட்டைப்படம் போன்ற வடிவமைப்போ செய்யலாம். பெரும்பாலான பிள்ளைகள் புள்ளியைக் கோட்டை விடுவது இரண்டாவதில்தான்.

அந்த வாளியையே எடுத்துக்கொள்வோம். அதன் வாய் வட்டம். ஆனால் சற்று மேலேயிருந்து பார்க்கும்போது தட்டையான நீள்வட்டமாகத் தெரியும். இதைப் பிள்ளைகள் சரியாகவே வரைந்துவிடுவார்கள். பிறகு அடியை மட்டும் நேர்கோடாக இழுத்து வைப்பார்கள். மேசை நேராக இருக்கிறது, வாளி அதன்மேல் நிற்கிறது, ஆகவே அடி நேராகத்தான் இருக்க வேண்டும் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. உண்மையில் அடியும் வளைவுதான். அதுவும் வாயின் வளைவைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைந்திருக்கும், ஏனென்றால் அது கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருக்கிறது. மகளை ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லுங்கள். வாய் ஒரு கோடாகத் தெரியும். மெல்லக் கீழே இறக்கினால் அந்தக் கோடு விரிந்து விரிந்து நீள்வட்டமாகும். இடுப்பளவுக்கு இறக்கினால் கிட்டத்தட்ட வட்டமாகிவிடும். இதை ஒரு தடவை கண்ணால் கண்ட பிள்ளைக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. அடுத்து, கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, வாளியின் அகலம் உயரத்தில் எத்தனை பங்கு என்று அளக்கப் பழகட்டும். அப்பாயியின் பாதங்கள் பெரிதானதற்கு மருந்தும் இதுதான். பாதத்தின் நீளத்தை முகத்தின் நீளத்தோடு அளந்து பார்த்திருந்தால் அந்தப் பிழை வந்திருக்காது.

வர்ணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் வரையும் தேயிலை மலை முழுவதும் ஒரே பச்சையாக இருக்கும், டியூப்பில் இருந்து பிதுக்கிய பச்சை. தேயிலைக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் இப்படி வரைவதைப் பார்க்க எனக்கு மனம் கேட்பதில்லை. நீங்கள் மலையில் நிற்கிறவர், உங்களுக்கே தெரியும்: கொழுந்து மஞ்சள் கலந்த இளம்பச்சை, முற்றின இலை கரும்பச்சை, கவ்வாத்து வெட்டிய மலை பச்சையே இல்லாமல் பழுப்பும் சாம்பலுமாகக் கிடக்கும். மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்துக்கு அப்பால் தெரியும் மலைகளில் பச்சை போய் நீலம் வந்துவிடும். அதற்கும் பின்னால் இருப்பவை வானத்தோடு சேர்ந்துவிடும். மகளிடம் பச்சை டியூப்பை ஒரு மாதத்துக்குத் தொடாதே என்று சொல்லுங்கள். மஞ்சளில் நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து எத்தனை பச்சை வருகிறது என்று பார்க்கட்டும். அதில் துளி சிவப்பைச் சேர்த்தால் பச்சையின் பளபளப்பு அடங்கி நிழலுக்கு ஏற்றதாகும். கறுப்பைச் சேர்த்து நிழல் காட்டும் பழக்கம் வேண்டாம், படம் அழுக்காகிவிடும். உங்கள் பக்கம் மழைக்காலத்தில் வாட்டர் கலர் லேசில் காயாது. ஈரத்தின்மேல் அடுத்த பூச்சைப் பூசினால் இரண்டும் கலந்து குழம்பிப்போகும். அந்த மாதங்களில் பேஸ்டலைப் பயன்படுத்தலாம், அல்லது ஒரு தாள் காயும்வரை இன்னொரு தாளில் பென்சில் வேலை செய்யலாம்.

தலைப்புக்குப் படம் வரைவதில் நான் காணும் குறை வேறு. 'திருவிழா' என்று தலைப்பு வந்தால் வழிகாட்டிப் புத்தகத்தில் இருக்கும் தேரும் யானையுமே வரும். மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும் தோட்டத்துப் பிள்ளை ஏன் அதை வரையக்கூடாது? ரதிக்கும் மதனுக்கும் அரிதாரம் பூசும் இடம், தப்பு மேளம் அடிப்பவர்கள் நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சும் இடம், லயத்து வாசலில் கம்பளி போர்த்தி நிற்கும் கிழவர்கள். நெருப்பின் வெளிச்சம் ஒரு பக்கத்து முகங்களில் மட்டும் விழும். இருட்டும் ஒளியும் இப்படித் தானாக அமைந்து கிடைக்கும் காட்சியை விடலாமா? தான் நேரில் கண்டதை வரையும் பிள்ளையின் படம் கட்டுக்கட்டாகத் திருத்தும் தாள்களுக்கு நடுவிலும் தனியாகத் தெரியும்.

கலை வரலாற்றுப் பகுதியைப் பிள்ளைகள் மனனம் செய்து சோர்ந்துபோகிறார்கள். 5ஆம் நூற்றாண்டுச் சீகிரிய ஓவியங்கள், பொலன்னறுவை, கண்டிக் கால விகாரை ஓவியங்கள், பிறகு மேல்நாட்டு ஓவியர்கள் என்று பட்டியல் நீளம்தான். ஆனால் இதில் ஒரு பகுதி உங்களிடமிருந்து ஒரு நாள் பஸ் பயணத்துக்குள் இருக்கிறது. அப்பா லீவில் வரும்போது பிள்ளையைக் கண்டிப் பக்கம் கூட்டிப்போகச் சொல்லுங்கள். தெகல்தொருவ விகாரையில் 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் சுவர் முழுவதும் நீளப் பட்டிகளாக இருக்கின்றன. சிவப்புப் பின்னணியில் கதை இடைவெளியில்லாமல் ஓடும்; ஒரே ஆள் ஒரே பட்டியில் திரும்பத் திரும்ப வருவார். பிலிமத்தலாவைக்குப் பக்கத்தில் எம்பெக்க தேவாலயத்தின் மரத்தூண்களில் மல்லர்கள், அன்னங்கள், இரட்டைத்தலைப் பறவை, பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய் என்று செதுக்கியிருக்கிறார்கள். அங்கேயே பக்கத்தில் 1344இல் எழுந்த கடலாதெனிய விகாரை. அதைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேஸ்வராசாரி என்ற தென்னிந்தியர். லங்காதிலக விகாரையின் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது. பரீட்சைக்குப் படிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த மலைநாட்டுக் கலையில் தன் மொழியும் பொறிக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு தோட்டத்துப் பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. கொப்பியும் பென்சிலும் கொண்டுபோகட்டும். ஃபோனில் படம் எடுப்பது கடைசியில்.

செலவு நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. 2022க்குப் பிறகு தாளும் வர்ணமும் ஏறிய விலை எனக்கும் தெரியும், அதனால் எண்ணித்தான் சொல்கிறேன். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, பழுப்பு இருந்தால் மற்றதைக் கலந்துகொள்ளலாம். பிரஷ் இரண்டு போதும், ஒன்று மெல்லியது, ஒன்று பட்டையானது. பென்சிலில் எச்பி, 2பி, 4பி. தினசரிப் பயிற்சிக்குப் பழைய கலண்டரின் பின்பக்கம், ஒரு பக்கம் எழுதிய தாள், எதுவும் சரி. நல்ல சித்திரத் தாளை மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை, நேரம் வைத்துப் பரீட்சை போலச் செய்யும்போது மட்டும் எடுத்தால் போதும். பளபளப்பான பிரிஸ்டல் போட்டில் வாட்டர் கலர் சரியாகப் பிடிக்காது, கடைக்காரர் சொன்னாலும் வாங்க வேண்டாம்.

மேலே போக வழி உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. உயர்தரத்தில் கலைப் பிரிவில் சித்திரத்தோடு இன்னும் இரண்டு பாடங்கள் எடுக்கலாம். தமிழ், புவியியல், தொடர்பாடலும் ஊடகக் கற்கைகளும் போன்றவற்றில் அவளுக்கு எது வருகிறதோ அதைப் பார்த்துக்கொள்ளலாம். அதன்பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும், மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலை என்று பட்டப்படிப்புக்கு இடம் இருக்கிறது. மலையகத்திலிருந்து யாழ்ப்பாணம் போய்ப் படித்த ஹனுஷா சோமசுந்தரம் தோட்டத் தொழிலாளர் வாழ்க்கையையே தன் ஓவியத்தின் பொருளாக எடுத்துக்கொண்டவர். மகளுக்கு அவருடைய படங்களைத் தேடிக் காட்டுங்கள். வடிவமைப்பு என்றே தனியாகப் படிக்க மொரட்டுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே எல்லாம் ஆங்கிலத்தில். இப்படிப்பட்ட படிப்புகளுக்குப் பெறுபேறு மட்டும் போதாது, தனியாக உளச்சார்புப் பரீட்சையும், அதாவது அந்தத் துறைக்கு ஏற்ற திறன் இருக்கிறதா என்று பார்க்கும் பரீட்சையும் இருக்கும். அதிலும் பார்த்து வரையத் தெரிந்த பிள்ளைக்குத்தான் மதிப்பு.

பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் கணினி வரைகலை படித்துத் தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். அச்சகம், தேயிலைப் பொதிக்கு வடிவமைப்பு, ஆடைத் தொழிற்சாலையில் துணி அச்சு வேலை என்று அதற்கு இடம் இருக்கிறது. ஓவியம் விற்று மட்டுமே குடும்பம் நடத்துகிறவர்கள் இந்த நாட்டில் குறைவு, அந்த நம்பிக்கையை நான் தரமாட்டேன். ஆனால் சித்திர ஆசிரியருக்கு நம் பகுதியில் எவ்வளவு தட்டுப்பாடு என்பதற்கு உங்கள் மகளின் பாடசாலையே சாட்சி. எந்த வழியில் போனாலும் ஆங்கிலத்தையும் கணிதத்தையும் விட்டுவிடக்கூடாது. சித்திரத்தில் 'ஏ' எடுத்துவிட்டுக் கணிதத்தில் கோட்டை விட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். தினமும் கணக்குச் செய்து முடித்த பிறகுதான் பிரஷ் என்று வீட்டில் ஒரு சட்டம் வைத்துவிடுங்கள்.

கடைசியாக, ஆசிரியர் இல்லாத பிரச்சினை. இதுதான் உண்மையான சிக்கல். அதிபர் நாடகத்தை எடுக்கச் சொல்வதில் கெட்ட எண்ணம் இல்லை. கற்பிக்க ஆள் இருக்கும் பாடத்தில் பிள்ளை சித்தியடையட்டும் என்று பார்க்கிறார். அவரிடம் சண்டைக்குப் போகாமல் வேலையோடு போங்கள். அப்பாயியின் படத்தைப் போல நேரில் பார்த்து வரைந்த படங்கள் ஒரு பத்தையாவது கொண்டுபோங்கள். பரீட்சை விண்ணப்பத்தில் சித்திரத்தைச் சேர்க்க அவர் சம்மதிக்க வேண்டும். அதற்குப் பிள்ளை வெளியில் எப்படிப் படிக்கப்போகிறாள் என்று உங்களிடம் பதில் இருக்க வேண்டும். கொள்கைப் பகுதிக்குக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்ப் பாடநூல்கள் இருக்கின்றன. அச்சுப் பிரதி கிடைக்காவிட்டால் ஃபோனிலும் இறக்கிக்கொள்ளலாம். 6ஆம் தரம் முதல் அவள் சித்திரம் படிக்காமல் வந்திருப்பதால் கீழ்வகுப்புப் புத்தகங்களையும் ஒருமுறை புரட்டட்டும். கடந்தகால வினாத்தாள்கள் எல்லாம் கிடைக்கின்றன. செய்முறைக்கு மட்டும் புத்தகம் போதாது. மாதத்தில் இரண்டு தடவையாவது அவளுடைய படங்களைப் பார்த்து, இது இங்கே தப்பு என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். மஸ்கெலியாவிலோ ஹட்டனிலோ ஒரு பாடசாலையில் சித்திரம் கற்பிக்கும் ஆசிரியரைத் தேடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்க மனமுள்ளவர்கள் இருக்கிறார்கள். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் வலயக் கல்வி அலுவலகத்தில் சித்திரப் பாடத்துக்குப் பொறுப்பான ஆசிரிய ஆலோசகரைக் கேளுங்கள். அது அவருடைய வேலைதான், தயங்க வேண்டியதில்லை. அப்படி ஒருவர் கிடைத்தால் அவர் பெயரை அதிபரிடம் சொல்லுங்கள், அவர் மனம் மாறப் பெரிதும் உதவும்.

பாடத் தெரிவுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்த பிறகு மாற்றுவது சிரமம். ஆகவே இந்தத் தவணை முடிவதற்குள் ஒரு நாள் அரை நாள் வேலையை விட்டுவிட்டாவது, மகளையும் கூட்டிக்கொண்டு அதிபரைப் போய்ப் பாருங்கள்.